சாப்பிடாமல் திரும்பிய ஞாயிறுகள்

எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை வைத்திய முகாம் என்று ஒன்று நடக்கும். கூட்ட மண்டபத்தில் இரண்டு மேசையைப் போட்டு ஒன்றில் இரத்தம் எடுப்பார்கள், மற்றதில் நிறை பார்ப்பார்கள். நிறை பார்த்த தாதிப் பிள்ளை நல்ல பிள்ளைதான். குரல்தான் பெரிது. நான் தராசில் ஏறியதும், பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவளுக்குக் கேட்கவேண்டும் என்று அந்த எண்ணை உரத்து வாசித்தாள். எனக்குப் பின்னால் வரிசையில் அலுவலகத்தின் முக்கால்வாசிப் பேர் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துத் தப்பியிருப்பேன், அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. எல்லோருமாகச் சேர்ந்து சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை.

இரத்தத்தில் சீனியும் எல்லையில் நின்றது. ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த டொக்டர் என் மகளாக இருக்கக்கூடிய வயதுப் பிள்ளை. இப்போதைக்கு மருந்து வேண்டாம், சாப்பாட்டு நேரத்தைச் சரிசெய்தால் போதும் என்றாள். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிட்டு, மறுநாள் காலைச் சாப்பாட்டைக் கொஞ்சம் பிந்தவிட்டால் வயிற்றுக்கு நீண்ட ஓய்வு கிடைக்குமாம். இடையில் பசித்தால் தண்ணீர் குடிக்கலாம், சீனி போடாத தேத்தண்ணியும் குடிக்கலாம். சோற்றைப் பாதியாக்கி மரக்கறியைக் கூட்டவேண்டும், பின்னேரத்தில் நடக்கவேண்டும். பட்டினி கிடக்கவே கூடாது, மாதத்துக்குக் கொஞ்சமாகக் குறைந்தாலே நல்லது என்று இரண்டு தரம் சொன்னாள்.

எனக்கு அது போதவில்லை. அத்தனை பேர் கலண்டரைப் பார்த்ததற்கு இந்தச் சின்ன வைத்தியம் எப்படிக் காணும்? வீட்டுக்கு வந்து கைப்பேசியில் தேடினேன். ஒட்டி உலர்ந்த ஒரு மனிதர் இன்னும் கடுமையான கணக்கொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டேன். நண்பகல் பன்னிரண்டுக்குமுன் வாயில் ஒன்றும் படக்கூடாது, இரவு ஏழுக்குப்பின் குசினிப் பக்கமே போகக்கூடாது என்று எனக்கு நானே கோடு போட்டேன். கோட்டைத் தாண்டி ஒரு கச்சான் கொட்டைகூட உள்ளே போகாது.

இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. அதற்கும் காரணம் வெட்கம்தான். முன்பு சொல்லிச் செய்து நான் பட்டபாடு கொஞ்சமல்ல. கொள்ளு அவித்த தண்ணீர் குடித்த காலத்தையும் ஓட்ஸ் தின்ற காலத்தையும் ஊருக்கே அறிவித்துவிட்டுத்தான் தொடங்கினேன். அலுவலகத்தில் யாருடையதோ பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியபோது, "அக்காவுக்கு வேணாம், அக்கா டயட்" என்று தட்டை எனக்கு எட்டாமல் நகர்த்தினார்கள். அடுத்த கிழமையே கன்டீனில் இரண்டு கையிலும் ரோல்ஸோடு அதே ஆட்களிடம் பிடிபட்டேன். இந்த முறை மெலிந்து முடிந்தபிறகு தெரிந்தால் போதும் என்று இருந்தேன்.

ஆகவே வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொன்னேன். காலையில் சாப்பிட்டால் நெஞ்செரிவு என்று கணவரிடம் சொன்னேன். அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை என்றால் விரதம், செவ்வாய்க்கிழமை என்றாலும் விரதம், மற்ற நாட்களில் பல்வலி. அந்த மாதங்களில் எனக்கு இருந்த பக்திக்கும் பல்வலிக்கும் அளவில்லை. ஆனால் பலன் தெரிந்தது. இழுத்துப் பூட்டவேண்டியிருந்த சட்டைக் கொக்கி தானாகப் பூட்டுப்பட்டது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதையே பூட்டிப் பூட்டிக் கழற்றினேன். சில காலைகளில் தலை கிறுகிறுக்கும், மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதையும் வெற்றியின் பக்கத்தில்தான் எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் இடித்தன.

எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போவான். அப்படித்தான் என் தம்பி வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவுப் பக்கம் போனான். அம்மா எங்கள் இருவருக்கும் விட்டுப்போன வயலும் அந்தப் பக்கத்து வட்டை வெளியில்தான் இருக்கிறது. தம்பிதான் வேளாண்மை செய்கிறான். அதைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி ஞாயிறுதோறும் காலையில் ஓட்டோவில் பாலம் தாண்டிப் போவேன். வயலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வரம்பில் கொஞ்ச நேரம் நின்று, பச்சையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்புவேன். நான் போனது தம்பி மனைவியின் சாப்பாட்டுக்கு.

அவள் எனக்கு மச்சாள், நானும் அவளுக்கு மச்சாள். அதிகம் பேசமாட்டாள். ஓட்டோச் சத்தம் கேட்டதும் பிட்டை இறக்கிவிட்டு எருமைத் தயிர்ச் சட்டியைத் திறந்து வைப்பாள். முதல்நாள் இரவு வாவியில் பிடித்த இறால் இருந்தால் தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பாக்கி வைத்திருப்பாள். நான் குசினியிலேயே பலகையைப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவேன். அவள் எதிரில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பீங்கான் வெறுமையாவதற்குள் இன்னொரு பிடி வந்து விழும். கலியாண வீட்டில்கூட நான் இரண்டாவது தரம் கேட்டு வாங்குவதற்கு முன் அக்கம்பக்கம் பார்ப்பேன். என் உடம்பை மறந்து நான் சாப்பிட்ட ஒரே இடம் அந்தக் குசினிதான்.

கோடு போட்ட முதல் ஞாயிறு, இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னேன். அவள் பிட்டை மூடினாள். அடுத்த ஞாயிறு வயிறு சரியில்லை என்றேன். தேத்தண்ணியாவது குடியுங்கள் என்று கொண்டுவந்தாள், அவள் கைத் தேத்தண்ணியில் சீனி தாராளமாக இருக்கும், அதையும் வேண்டாம் என்றேன். பசித்தால் தண்ணீர் குடிக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்ததால் பெரிய போத்தல் ஒன்றில் வீட்டிலிருந்தே கொண்டுபோவேன். அவர்கள் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு என் போத்தலை என் பையிலிருந்து எடுத்துக் குடிப்பேன். எவ்வளவு ஒழுங்காக இருக்கிறேன் என்று எனக்குள் ஒரு மெச்சல் வேறு.

மூன்றாவது ஞாயிறு அவள் பிட்டையும் இறால் குழம்பையும் வாழையிலையில் கட்டித் தந்தாள். பன்னிரண்டுக்குப் பிறகு அதைச் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் என்னை எனக்குத் தெரியும், அந்தப் பொதியைப் பிரித்தால் இரவுவரை நிறுத்தமாட்டேன். பாலத்தில் வரும்போதே அதன் வாசனை தாங்கமுடியாமல், நீங்கள் சாப்பிடுங்கள் என்று ஓட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவர் தம்பி வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கிறவர். அவருக்கு நல்ல மனம், வாய் மட்டும் சும்மா இருக்காது.

பிறகும் போனேன், பிறகும் சாப்பிடவில்லை. மச்சாள் வற்புறுத்துவதை விட்டுவிட்டாள். எனக்கு அது வசதியாக இருந்தது.

அறுவடை வந்தது. வருடாவருடம் புது நெல் குற்றி முதல் சோறு ஆக்கிப் பிள்ளையாருக்குப் படைக்கிற அன்று, தம்பி வீட்டிலிருந்து முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். அந்த வருடம் வரவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது, அழைப்பு வராததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. புதுச் சோற்றிலிருந்து தப்பினேன் என்று நினைத்தேன்.

ஒரு பின்னேரம் தம்பி என் பங்கு அரிசி மூட்டையை லொறியில் கொண்டுவந்து விறாந்தையில் இறக்கினான். உள்ளே வா என்றேன், வரவில்லை. கதிரையை இழுத்துப் போட்டேன், அதிலும் உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். புதுச்சோறு எப்போது என்று கேட்டேன்.

"போன கிழமையே ஆக்கியாச்சு அக்கா. உங்களக் கூப்பிடல்ல."

ஏன் என்று கேட்டேன்.

"நீங்க வந்து, சாப்பிடாமப் போனா அவ தாங்கமாட்டா."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவன் விடவில்லை. அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அம்மாவும் போத்தல்லதான் தண்ணி கொண்டுவந்தவ. இப்ப நீங்களும் கொண்டுவாறீங்க. கட்டித் தந்த சாப்பாட்ட ஓட்டோக்காரருக்குக் குடுத்திருக்கிறீங்க. அவருக்கு ஒண்டும் ஆகல்லதானே எண்டு என்னட்டச் சொல்லி அழுறா."

அவனுக்காக இழுத்துப் போட்ட கதிரையில் நானே உட்கார்ந்துவிட்டேன்.

வெளியூரார் எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றி மந்திரம், வசிய மருந்து என்று பகிடி விடுவார்கள். எங்களுக்குக் கோபம் வரும். அப்படிக் கோபப்படுகிற நாங்களே, பிடிக்காத கலியாணம் ஒன்று வீட்டில் நடந்தால் முதலில் சொல்வது, பொடியனுக்குச் சோற்றில் மருந்து போட்டுவிட்டார்கள் என்பதுதான். தம்பி தானாக விரும்பி இந்தப் பெண்ணை முடிக்கப்போகிறேன் என்று நின்றபோது அம்மா அதைத்தான் சொன்னார். வீட்டுக்குள் சொல்லவில்லை, தெருவில் நின்று சொன்னார். தம்பியின் முதல் பிள்ளை பிறந்தபோது பார்க்கப் போனவர், குடிக்கிற தண்ணீரைப் போத்தலில் வீட்டிலிருந்தே கொண்டுபோனார். சாகும்வரை அந்த வீட்டில் ஒரு பிடி சோறு தின்னவில்லை. மருந்து கொடுத்தவள் என்ற பேச்சை அந்தப் பெண் எத்தனை வருடம் சுமந்திருப்பாள்! எங்கள் குடும்பத்து ஆள் ஒருத்தி அவளுடைய குசினியில் முதன்முதலாக உட்கார்ந்து சாப்பிட்டது அம்மாவின் சாவுக்குப் பிறகுதான். அந்த ஆள் நான்.

ஞாயிறுதோறும் அவள் ஏன் எதிரில் இருந்து என்னைப் பார்த்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. சமையல் ருசியாக இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்றே நான் நினைத்திருந்தேன். நான் விழுங்கிய ஒவ்வொரு பிடியும் அவளுக்கு ஊரார் முன்னால் ஒரு சாட்சி. அதைத்தான் நான் கொக்கி பூட்டுப்படுகிற சந்தோசத்தில் நிறுத்தியிருந்தேன்.

தம்பி போவதற்காகத் திரும்பினான். உண்மை அவ்வளவு சின்னது, ஆனாலும் வாயிலிருந்து வர மறுத்தது. மருந்து என்ற சொல்லைக் கேட்டபிறகும், உடம்பு என்ற சொல்லைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் லொறியில் ஏறக் கால் வைத்தபிறகுதான் கத்தினேன்.

"தம்பி, நான் உடம்பு குறைக்கிறன்."

அவன் இறங்கி வந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். மெலிந்திருப்பதைக் கண்டதாகவும், ஏதோ கெட்ட நோய் வருத்தம், அதை மறைக்கிறேன் என்று பயந்ததாகவும் சொன்னான். சிரிக்கவில்லை. இதைச் சொல்வதற்கு என்ன வெட்கம் என்று மட்டும் கேட்டான். தராசைப் பற்றியும் கலண்டரைப் பற்றியும் அவனிடம் எப்படிச் சொல்வது?

"அவவிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, உங்களக் காப்பாத்தச் சொல்லுறன் எண்டு நினைப்பா."

அந்தக் கிழமை கிளினிக் நாளும் வந்தது. நிறை குறைந்ததைப் பார்த்து டொக்டர் சந்தோசப்பட்டாள். தலைச்சுற்றைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. மத்தியானம்வரை பட்டினி கிடக்கச் சொல்லி நான் எப்போது சொன்னேன் என்று ஏசினாள். காலைச் சாப்பாட்டை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் சாப்பிடுங்கள் என்றாள். பிறகு, யார் வீட்டுக்காவது போகிற நாளில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். நான் சாப்பிடுவதில்லை என்று சொன்னதை அவளால் நம்பமுடியவில்லை. அன்றைக்கு நேரத்தை முன்னே பின்னே மாற்றவேண்டியதுதானே, ஒரு காலைச் சாப்பாட்டால் ஒருவரும் பருத்துவிடமாட்டார்கள், வருடக்கணக்கில் செய்யமுடிகிற பழக்கம்தான் உடம்புக்கு உதவும் என்றாள். அந்தக் கோட்டை யாரும் எனக்குப் போடவில்லை. நானே போட்டு, அதற்குள் நின்றுகொண்டு, ஒருத்தியை அழவைத்திருக்கிறேன். டொக்டர் எழுதித் தந்த கடதாசியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

ஞாயிறு வந்ததும் போத்தலை எடுக்காமல் போனேன். மச்சாள் வாசலுக்கு வந்து, வாங்க என்றாள். வீட்டு முன் மண்டபத்தில் இருந்த நல்ல கதிரையைத் துடைத்து என்னை அதில் இருக்கச் சொன்னாள். மின்விசிறியைப் போட்டாள். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லும் சங்கடம் எனக்கு வரக்கூடாது என்று நினைத்திருக்கிறாள். தூரத்து உறவுக்காரியைப் போல அந்தக் கதிரையில் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். முடியவில்லை. எழுந்து குசினிக்குள் போய் என் பழைய பலகையைப் போட்டு உட்கார்ந்தேன்.

"மச்சாள், பசிக்குது. என்ன கிடக்கு?"

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"உங்கட தம்பி வந்து ஏதும் ஏசினவரா? எனக்காகச் சாப்பிட வேணாம் மச்சாள். நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

அப்போதுதான் சொன்னேன். தராசில் ஏறியதையும், தாதிப் பிள்ளையின் குரலையும், எல்லோரும் கலண்டரைப் பார்த்ததையும் சொன்னேன். கலியாண வீடுகளில் நான் கடைசிப் பந்திக்குப் போவதையும், புகைப்படத்தில் பின்வரிசையில் ஒளிவதையும் சொன்னேன். பன்னிரண்டு மணிக் கோட்டைச் சொன்னேன். அவளுடைய இறால் குழம்பை ஓட்டோக்காரரிடம் கொடுத்தது அதன் வாசனைக்குப் பயந்து என்று சொன்னேன். என் உடம்பைப் பற்றி என் வாயால் இன்னொருவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. கணவரிடம்கூடப் பேசியதில்லை. மூக்கு ஒழுக ஒழுகப் பேசினேன். அவள் துருவிய தேங்காயைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேசி முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்தாள். நம்பிவிட்டாள் என்று முகத்தில் தெரிந்தது. எனக்கு ஆறுதலாக இருந்தது. அது ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

"அப்ப என்ட சாப்பாட்டாலதான் உங்களுக்கு இப்பிடி ஆனது, என்ன?"

குற்றம் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டாள். எத்தனை சட்டி பால் பிழிந்து ஊற்றினேன், வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் மரக்கறி ஆக்கி வைத்திருப்பேனே என்றாள். அவளுடைய சாப்பாட்டில் கெடுதல் இல்லை என்று காட்ட வந்தவள் நான். கெடுதல் இருந்தது என்றுதான் கடைசியில் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இல்லை மச்சாள், இல்லை என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கன்டீன் ரோல்ஸையும் இரவில் ஒளித்துத் தின்ற பிஸ்கட்டையும் எல்லாம் எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அவள் எழுந்து பீங்கானைக் கழுவினாள். வழக்கத்தில் பாதிப் பிட்டு, முருங்கையிலைச் சுண்டல் நிறைய, குழம்பில் இரண்டு துண்டு மீன். என் முன்னால் வைக்கப்போனவள் நின்றாள். குழம்பில் ஒரு பிடி பிட்டைத் தொட்டுத் தன் வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள். பிறகுதான் பீங்கானை என்னிடம் தந்தாள்.

"இப்ப சாப்பிடுங்க மச்சாள்."

என்ன இது, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். இருக்கட்டும், எனக்கு மனம் ஆறும் என்றாள். நான் சாப்பிட்டேன். நேரம் என்னவென்று பார்க்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பிந்திச் சாப்பிடும் கணக்கு எனக்கில்லை. சனி இரவு கொஞ்சம் முந்திச் சாப்பிட்டுவிட்டுக் காலையில் பாலம் தாண்டிப் போகிறேன். மற்ற நாட்களில் இரவு ஏழுக்குள் முடித்துவிடுகிறேன், காலையில் பத்துக்குள் சாப்பிடுகிறேன். பின்னேரத்தில் வாவிக் கரையால் நடக்கிறேன். நிறை மெதுவாகத்தான் குறைகிறது, தலை சுற்றுவதில்லை. அலுவலகத்திலும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பகிடி பண்ணினார்கள், பிறகு மறந்துபோனார்கள். இவ்வளவுக்காகவா பயந்தேன் என்று வருகிறது.

மச்சாள் எனக்கென்று பால் குறைத்துக் கறி வைக்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் முதல் பிடியைத் தானே எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் தருகிறாள். வேண்டாம் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். சரி என்பாள், அடுத்த ஞாயிறும் கை போகும்.

போன ஞாயிறு என் கணவரும் கூட வந்தார். பக்கத்தில் இருந்து பார்த்தவர், இது என்ன புதுப் பழக்கம் என்று சிரித்துக்கொண்டு கேட்டார். அவருக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. நான் இன்னும் சொல்லவில்லை. மச்சாள் என் முகத்தைப் பார்க்காமலே பீங்கானை என் பக்கம் தள்ளினாள்.

"உப்புப் பாக்கிறன் மச்சான்" என்றாள்.

நான் குனிந்து சாப்பிட்டேன்.